துவக்கின் குழலளவும் நம்பகமும்: ஊவா மலைநாடு காட்டும் பாடம்

கருவியொன்றைக் கையிற் கொள்வோன் இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாதல் வேண்டும். செய்யவேண்டிய வினைக்கு அதன் அளவு பொருந்துமா என்பது ஒன்று. வேண்டிய பொழுதில் அது தவறாது தொழிற்படுமா என்பது மற்றொன்று. மண்வெட்டிக்கும் மருத்துவரின் கத்திக்கும் இவ்வினாக்கள் உரியனவே. எனினும் துவக்கைப் பொறுத்தமட்டில் விடை பிழைத்தால் உயிர் பிழைப்பதரிது. ஆதலின் துவக்கின் குழலளவைத் தேர்தலும், அதன் நம்பகத்தைப் பேணுதலும், துவக்குத் தோன்றிய நாள்தொட்டு அறிவுடையோரின் ஆராய்ச்சிக்கு உரியனவாயின.

இவ்வாராய்ச்சிக்கு ஊவா மலைநாடு சிறந்ததொரு களமாகும். பதுளையையும் அதனைச் சூழ்ந்த மலைத்தொடர்களையும், தெற்கிலும் கிழக்கிலும் வெல்லவாய, மொனராகலைப் பக்கமாகச் சரிந்துசெல்லும் காடுகளையும் கொண்ட இந்நாட்டிலே, திரியிட்டுச் சுடும் பழந்துவக்கு முதல் தானே தோட்டாவை நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கி வரை யாவும் ஒவ்வொரு காலத்திற் புழங்கியுள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடத்தைக் கற்பித்துள்ளன. அப்பாடங்களை முறைப்படத் தொகுத்து நோக்குவது பயனுடைத்து.

குழலளவு என்பது யாது?

துவக்குக் குழலின் உட்டுளையின் குறுக்களவே குழல்விட்டம் எனப்படும். ஆங்கிலேயர் இதனைக் காலிபர் என்பர். இதனை அளக்கும் முறைகள் பல. தோட்டப் பகுதிகளிற் பலரும் அறிந்தது ‘12 போர்’ என்னும் வழக்கு. ‘போர்’ என்பது ஈண்டு யுத்தத்தைக் குறியாது. துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எக்குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அக்குழலே 12 போர் எனப்படும். அதன் விட்டம் ஏறக்குறைய 0.73 அங்குலம். பதினாறு உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வோர் உருண்டையும் சிறுக்கும். எனவே 16 போர்க் குழலின் விட்டம் 0.66 அங்குலமாகக் குறைகின்றது. இலக்கம் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும் என்னும் இவ்விபரீதம் புதிதாகக் கற்போரை மயக்குவது இயல்பே. ஈயத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மயக்கம் தீரும்.

வரிக்குழல் துவக்குகளாகிய றைபிள்களுக்கும் கைத்துப்பாக்கிகளுக்கும் இம்முறை பிற்காலத்தில் வழங்கவில்லை. அவற்றின் விட்டத்தை அங்குலத்தின் பின்னமாகவோ மில்லிமீற்றராகவோ கூறுவர். ‘.45’ எனில் ஓர் அங்குலத்தின் நூற்றில் நாற்பத்தைந்து பங்கு. அஃதாவது ஏறக்குறைய 11.4 மில்லிமீற்றர். ‘.32’ எனப்படும் சிறு கைத்துப்பாக்கித் தோட்டாவை ஐரோப்பியர் 7.65 மில்லிமீற்றர் என்பர்.

இவ்விடத்தில் கணிதம் கூறும் உண்மையொன்று கருதத்தக்கது. உருண்டையின் விட்டம் இருமடங்கானால் அதன் நிறை இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகின்றது. ஆதலின் குழலைச் சிறிது அகலமாக்கினும் குண்டின் நிறையும், அதனைத் தள்ளும் மருந்தின் அளவும், சுடுவோனின் தோளிலே விழும் உதையும் மிகப் பெருகிவிடும். குழலளவைத் தேர்வது எளிய செயலன்று என்பதற்கு இதுவே முதற்காரணம்.

ரந்தெனிவெலையிற் பெய்த மழை

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்தபொழுது அவர்களோடு திரித்துவக்கும் வந்தது. நீறுபூத்த நெருப்பாய் மெல்ல எரியும் கயிற்றுத்திரி ஒன்றை, விசையை அழுத்துங்கால் மருந்துக்கிண்ணத்தில் தாழ்த்துவதே அதன் செயல்முறை. இலங்கைக் கம்மாளர் இக்கலையை விரைவிற் கற்றுத் தமக்கே உரிய துவக்குகளைச் செய்தனர். தீமூட்டும் பொறி குழலின் இடப்புறத்தே அமைந்திருத்தலும், பிடியின் அடிப்பகுதி இரண்டாகப் பிளந்து வளைந்திருத்தலும் கண்டித் துவக்குகளின் தனி அடையாளங்களாகும். வேலைப்பாட்டிற் சிறந்த அத்துவக்குகள் இன்று அரும்பொருட்சாலைகளிற் காட்சிப் பொருள்களாய் உள்ளன.

துவக்கின் நம்பகம் பற்றி ஊவா மண்ணில் எழுதப்பட்ட முதற்பாடம் 1630ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பெரும்படையுடன் ஊவாவினுட் புகுந்து பதுளையை எரித்தான். திரும்பும் வழியில் வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெல என்னுமிடத்திற் கண்டிப் படையினர் அவனை வளைத்துக்கொண்டனர். அவனுடன் வந்த உள்நாட்டு லஸ்கரின் வீரருட் பெரும்பாலோர் எதிரணியிற் சேர்ந்தனர். அத்துடன் வானமும் அவனைக் கைவிட்டது. கொட்டிய பெருமழையில் திரி அணைந்து மருந்து நனைய, துவக்குகள் வெறும் இரும்புத் தடிகளாயின. டி சாவும் அவன் படையிற் பெரும்பகுதியும் அக்களத்தில் அழிந்தனர்.

இத்தோல்விக்கு லஸ்கரின் படையின் விலகலே தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் துவக்கியல் நோக்கில் இதனினின்று பெறப்படும் உண்மை தெளிவானது. ஆயிரம் துவக்குகள் இருந்தும், அவற்றின் குழல்கள் எத்துணைப் பெரியனவாய் இருந்தும், தீப்பற்றும் வழி அடைபட்டால் அவற்றால் ஆவதொன்றில்லை. குழலளவு துவக்கின் வலிமை. தீமூட்டும் முறையே அதன் உயிர். உயிர் நீங்கிய வலிமை எதற்கும் உதவாது.

இக்குறையை நீக்கவே பின்வந்தோர் முயன்றனர். திரியை ஒழித்துச் சக்கிமுக்கிக் கல்லினின்று பொறி எழச்செய்தனர். அக்கல்லும் ஈரத்திற் சிலவேளை பொய்த்தது. அலெக்சாந்தர் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அடித்தவுடன் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு மருந்திற்குத் தீமூட்டும் முறைக்கு 1807ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அதன் வழிவந்ததே செப்பினாற் செய்த சிறு வெடித்தொப்பி. பின்னர் வெடித்தொப்பியும் மருந்தும் சன்னமும் ஒரே பித்தளைக் கோதினுள் அடங்கித் தோட்டாவாயின. ரந்தெனிவெல மழைக்கு மனித அறிவு தேடிக்கொண்ட விடை இந்தத் தோட்டா எனலாம்.

பெருங்குழலின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊவாவிற் குழலளவு பற்றிய வினா வேறு வடிவில் எழுந்தது. காடழித்துக் கோப்பித் தோட்டம் அமைத்த அக்காலத்தில் யானையைப் பயிருக்குப் பகையாகக் கருதிய ஆங்கில அரசு, அதனைக் கொல்வோருக்குப் பரிசுப்பணம் வழங்கியது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயும் மாவட்ட நீதிபதியாயும் கடமையாற்றிய மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனக் கூறப்படுகின்றார். அவர் 1845ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

வேட்டைத் துவக்கின் அளவினை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் வாழ்ந்த இவர், ஊவாவின் காடுகளிலும் வேட்டையாடியவர். இலங்கை வேட்டை பற்றி 1850களில் இரண்டு நூல்களை வெளியிட்டார். அவர் கூறும் துவக்குத் தொகுதி கவனிக்கத்தக்கது. நான்கு அவுன்சுக் குண்டு செலுத்தும் ஒற்றைக்குழல் றைபிள் ஒன்று. அதன் நிறை 21 இறாத்தல். இரண்டு அவுன்சுக் குண்டு செலுத்தும் நீண்ட றைபிள் ஒன்று. அதன் நிறை 16 இறாத்தல். இவற்றோடு 10 போர் இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு. ஒவ்வொன்றும் 15 இறாத்தல்.

இத்துணைப் பெருங்குழல் ஏன் வேண்டப்பட்டது? அக்காலத்துக் கரிமருந்து சன்னத்தைக் கடுவேகத்திற் செலுத்தவல்லதன்று. வேகத்தைக் கூட்ட இயலாதவிடத்து நிறையைக் கூட்டுவதே வழியாயிற்று. அன்றியும், யானையின் மண்டையோடு தேன்கூடுபோலத் துளைநிறைந்த தடித்த எலும்பாலானது. மூளை அதனுள்ளே ஆழத்தில் அடங்கியிருப்பது. அதனை ஊடுருவிச் செல்லப் பாரமான குண்டு தேவைப்பட்டது. குழல்வாய் வழியே மருந்திட்டு இடிக்கும் துவக்காதலால் ஒருமுறை சுட்டபின் மீள நிரப்ப நேரமுமில்லை. துவக்கேந்துவோர் சிலர் நிரப்பிய துவக்குகளுடன் பின்னே நின்று, ஒன்று வெடித்ததும் மற்றொன்றை நீட்டுவர். யானை பாய்ந்து வருங்கால் அவர் ஓடிவிட்டால் வேட்டைக்காரனின் கதி அவ்வளவே. எனவே அக்காலத் துவக்கின் நம்பகத்திற் பாதி இரும்பில் இருந்தது; மற்றப் பாதி, நூல்களிற் பெயர் பெரிதும் இடம்பெறாத ஏவலாளரின் நெஞ்சுரத்தில் இருந்தது.

பின்னுதைப்பின் கணக்கு

பேக்கரின் றைபிள் 21 இறாத்தல் நிறைகொண்டது வீண் ஆடம்பரத்தாலன்று. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூற்றனின் விதி. சன்னம் முன்னே செல்லத் துவக்குப் பின்னே உதைக்கும். நான்கு அவுன்சுக் குண்டு கால் இறாத்தல் ஆதலின், அதனிலும் 84 மடங்கு நிறையுடையது அவருடைய றைபிள். மருந்தின் நிறையைக் கணக்கிற் கொள்ளாதுவிட்டால், குண்டு செல்லும் வேகத்தின் 84இல் ஒரு பங்கு வேகத்தோடு றைபிள் பின்னே வரும். அதே குண்டை 7 இறாத்தல் துவக்கினின்று சுட்டால் பின்வரும் வேகம் மும்மடங்காகும். தோள் ஏற்கவேண்டிய சக்தியும் மும்மடங்காகும்.

இக்கணக்கைக் கைத்துப்பாக்கிக்குப் பொருத்தினால் வியப்பான ஒப்புமை தோன்றும். 1911ஆம் ஆண்டு மாதிரியான .45 கைத்துப்பாக்கியின் நிறை 39 அவுன்சு. அதன் சன்னம் 230 குறெயின். 7,000 குறெயின் ஓர் இறாத்தலாதலின், துப்பாக்கி சன்னத்தைப்போல் ஏறத்தாழ 74 மடங்கு நிறையுடையது. யானையை வீழ்த்தச் செய்த பெரும் றைபிளின் விகிதத்திற்கும் இடுப்புறையில் அடங்கும் கைத்துப்பாக்கியின் விகிதத்திற்கும் அதிக வேறுபாடில்லை. மனித உடல் தாங்கக்கூடிய எல்லை ஒன்றுண்டு என்பதையும், கருவியை வகுப்போர் எக்காலத்தும் அவ்வெல்லையை நாடியே வருகின்றனர் என்பதையும் இஃது உணர்த்துகின்றது.

1880களிற் புகையில்லா வெடிமருந்து வந்தபின் வேகத்தைக் கூட்டுதல் இயல்வதாயிற்று. உடனே குழல்கள் சிறுத்தன. ஓர் அங்குலத்தை நெருங்கிய குழல்களின் இடத்தை, 1888இல் ஆங்கிலப் படை ஏற்ற .303 போன்ற ஒடுங்கிய குழல்கள் பெற்றன. ஆபிரிக்காவில் ஆயிரத்திற்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட பெல் என்னும் வேட்டைக்காரர் அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு 7 மில்லிமீற்றர் றைபிளையே பயன்படுத்தினார். உடற்கூற்றறிவும் குறிதவறாமையும் குழலின் பருமையை ஈடுசெய்யவல்லன என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. பெரிது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது.

தியத்தலாவையும் புதிய கைத்துப்பாக்கியும்

ஊவாவின் தியத்தலாவைப் புல்வெளியில் 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போயர் கைதிகளுக்கான பாசறை அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 கைதிகள் அங்கு வைக்கப்பட்டனர். 7 மில்லிமீற்றர் மவுசர் றைபிளால் ஆங்கிலப் படையைத் திகைக்கச்செய்த குறிகாரர் அவர்கள். அதே 1900ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்ட இலங்கைத் தோட்டக்காரர் றைபிள் படையும் அமைக்கப்பட்டது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அத்தொண்டர் படை 1949இற் கலைக்கப்பட்டது. தியத்தலாவை தொடர்ந்து இலங்கைத் தரைப்படையின் முதன்மைப் பயிற்சிக்களமாய் விளங்கிவருகின்றது.

போயர் போர் நிகழ்ந்த காலமே தானே நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கி உலகிற்கு அறிமுகமான காலம். மவுசர் தொழிற்சாலை 1896இல் வெளியிட்ட 7.63 மில்லிமீற்றர்க் கைத்துப்பாக்கி பத்துத் தோட்டாக்களைக் கொண்டது. பின்னாளிற் பிரதமரான வின்ஸ்டன் சேர்ச்சில் 1898இல் சூடான் நாட்டு ஒம்டுர்மன் போரில் ஏந்தியது இதனையே. பழைய றிவோல்வரில் உருளை சுழன்று அடுத்த தோட்டாவைக் கொணர்வது விரலின் வலியால். புதிய வகையிலோ அப்பணியைச் செய்வது பின்னுதைப்பே. வெடித்ததும் மேற்பாகம் பின்னே வழுக்கி, வெற்றுக்கோதை இழுத்தெறிந்து, சுருள்வில்லை அழுத்தும். வில் மீளுங்கால் மகசீன் என்னும் தோட்டாக்கூட்டினின்று அடுத்த தோட்டாவை முன்தள்ளிக் குழலுட் சேர்க்கும். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு வேட்டு மாத்திரம் தீரும். ஆதலின் இதனை அரைத் தானியங்கி என்பர்.

இவ்வகைத் துப்பாக்கியில் முன்னர்க் கூறிய இரண்டு வினாக்களும் ஒன்றாகிவிடுகின்றன. பேக்கருக்குத் தொல்லையாயிருந்த பின்னுதைப்பு இங்கே வேலையாளாகின்றது. தோட்டா மென்மையானதாயின் மேற்பாகம் முழுத்தூரம் பின்செல்லாது, கோது சிக்கிக்கொள்ளும். தோட்டா மிகக் கடுமையானதாயின் உறுப்புகள் மோதுண்டு தேயும். .32 போன்ற சிறிய தோட்டாவுக்கு மேற்பாகத்தின் நிறையும் வில்லின் வலியுமே போதும். .45உம் 9 மில்லிமீற்றரும் போன்ற வலிய தோட்டாக்களுக்கு, அழுத்தம் தணியும்வரை குழலும் மேற்பாகமும் பூட்டுண்டு நிற்றல் வேண்டும். குழலளவைத் தேர்ந்தவன் அதனுடன் ஒரு பொறியமைப்பையும் தேர்ந்தவனாகின்றான். வில், சன்னம், மருந்து ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று இசைந்து நிற்பதே இதன் நம்பகம்.

இத்துறையில் நிகழ்ந்த புகழ்பெற்ற விவாதம் .45உக்கும் 9 மில்லிமீற்றருக்கும் இடையிலானது. பிலிப்பைன்சுப் போரில் .38 றிவோல்வர் போதாமை கண்ட அமெரிக்கப் படை, 1904இல் தொம்சன், லகார்ட் என்னும் இருவரைக் கொண்டு ஆய்வு நடத்தியது. .45இற் குறைந்த குழல் ஆகாது என்பது அவர்தம் முடிவு. ஜோன் பிரவுணிங் வகுத்த .45 கைத்துப்பாக்கி 1911இல் ஏற்கப்பட்டது. அவர் 1926இல் இறந்தபின், அவர் தொடங்கிய வேறொரு வடிவத்தைச் சேவ் என்னும் பெல்ஜிய வல்லுநர் முற்றுவித்தார். 1935இல் வெளிவந்த அந்த 9 மில்லிமீற்றர் ‘ஹை பவர்’ கைத்துப்பாக்கியின் தோட்டாக்கூடு 13 தோட்டாக்களைக் கொண்டது; .45இன் கூடு கொண்டதோ ஏழு.

இரண்டையும் நிறுத்துப் பார்ப்பின் உண்மை விளங்கும். 230 குறெயின் நிறையுள்ள .45 சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 830 அடி வேகத்திற் செல்லும். 115 குறெயின் நிறையுள்ள 9 மில்லிமீற்றர்ச் சன்னம் ஏறத்தாழ 1,150 அடி வேகத்திற் செல்லும். நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிக் கணித்தால் இரண்டின் சக்தியும் கிட்டத்தட்டச் சமமாகும். ஆயின் நிறையையும் வேகத்தையும் மாத்திரம் பெருக்கிக் கிடைக்கும் உந்தத்தில் 9 மில்லிமீற்றர் மற்றையதின் பத்தில் ஏழு பங்கேயாகும். எனவே அதன் உதை குறைவு. பழகாத கையும் அதனை ஓரளவு அடக்கிக் குறிவைக்க இயலும். அகன்ற சன்னம் ஆக்கும் புண் அகன்றது. ஒடுங்கிய சன்னம் தரும் வாய்ப்புகள் பல. அமெரிக்கப் படையே 1985இல் 9 மில்லிமீற்றருக்கு மாறியது. இருப்பினும் .45ஐ விரும்புவோர் இன்றும் உளர். ஏந்துவோனின் கையும், பயிற்சியும், நோக்கமும் அறியாது எது சிறந்தது என வினாவுதல், நோயாளியைக் காணாது மருந்து கேட்டலை ஒக்கும்.

ஈரமும் உப்பும் துருவும்

1911இல் நிகழ்ந்த தேர்வொன்று பராமரிப்பின் பெருமையை விளக்கும். பிரவுணிங்கின் கைத்துப்பாக்கி 6,000 வேட்டுகளை ஒருமுறையேனும் தடைப்படாது சுட்டது. இதனைப் போற்றுவோர் பலர். அத்தேர்வில் 100 வேட்டுகளுக்கு ஒருமுறை அது ஆறவிடப்பட்டது என்பதையும், 1,000 வேட்டுகளுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிடப்பட்டது என்பதையும் நினைவுகூர்வோர் சிலரே. தவறாத கருவி எனப்படுவது தவறாது பேணப்பட்ட கருவியே.

ஊவாவின் காலநிலை இரும்புக்கு இரு முகம் காட்டுவது. வடகீழ்ப் பருவமழை மாதங்களில் மலையெங்கும் மூடுபனியும் ஈரமும் நிறையும். யூன் முதல் செப்ரெம்பர் வரை கச்சான் வீசி மண் புழுதியாகும். முன்னது துருவை வளர்க்கும். பின்னது எண்ணெயுடன் கலந்து அரைப்புப் பசையாகும். ஆகவே இங்கு எண்ணெய் குறைந்தாலும் தீது, மிகுந்தாலும் தீது. மெல்லிய படலமாக விட்டு, எஞ்சியதைத் துணியால் ஒற்றியெடுத்தலே முறை. மிகையான எண்ணெய் தோட்டாவின் வெடித்தொப்பியுட் கசிந்து அதனைச் செயலிழக்கச் செய்வதும் உண்டு.

துருவின் காரணம் பற்றி ஒரு தவறான எண்ணம் நெடுங்காலம் நிலவியது. சுட்டபின் எண்ணெய் பூசினாற் போதும் எனப் பலர் கருதினர். பழைய வெடித்தொப்பிகளிற் பொற்றாசியம் குளோரேற்று கலந்திருந்தது. அது வெடித்தபின் பொற்றாசியம் குளோரைட்டாகக் குழலினுட் படியும். அஃது உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. உப்பு எண்ணெயிற் கரையாது; நீரிற் கரையும். எனவே அத்தகைய தோட்டாவைச் சுட்டபின் முதலில் வெந்நீராற் குழலைக் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின் எண்ணெயிடுதல் வேண்டும். நீர் இரும்புக்குப் பகை என அஞ்சி நீரைத் தவிர்த்தோரின் குழல்களே விரைவில் அரிப்புண்டன. வேதியியலின் ஒரு சிறு பாடம் துவக்கின் ஆயுளை நீட்டிய கதை இது.

ஈரம் தோட்டாவையும் விடுவதில்லை. பழைய வேட்டைத் துவக்குத் தோட்டாக்களின் தாட்கோது ஈரத்தில் ஊதிக் குழலுட் புக மறுக்கும். தோலுறை ஈரத்தை உறிஞ்சித் தன்னுட் கிடக்கும் இரும்பைத் துருவேற்றும். பித்தளையிற் பச்சைக் களிம்பு படரச்செய்யும். ஆதலின் துப்பாக்கியையும் தோட்டாவையும் தோலுறையில் வைத்து நெடுநாள் விடலாகாது.

அரைத் தானியங்கியில் அதிகம் பழுதுறுவது தோட்டாக்கூடு. அதன் மேல்விளிம்பு சிறிது வளைந்தாலும், வில் தளர்ந்தாலும், தோட்டா கோணலாக ஏறித் தடைப்படும். றிவோல்வரில் ஒரு தோட்டா வெடியாவிடின் விசையை மீண்டும் அழுத்தினால் அடுத்தது வரும். அரைத் தானியங்கியிலோ கையால் மேற்பாகத்தை இழுத்தாலன்றி மேற்செல்ல இயலாது. மற்றுமொரு விதி உயிர்காப்பது. துப்புரவு செய்யுமுன் தோட்டாக்கூட்டை அகற்றுதல் மாத்திரம் போதாது. குழலுட் புகுந்துவிட்ட தோட்டா அங்கேயே இருக்கும். கூட்டை அகற்றியபின் மேற்பாகத்தை இழுத்துக் குழலையும் கண்ணாற் பார்த்தல் வேண்டும். வெறுந்துப்பாக்கி என நம்பியதனால் விளைந்த மரணங்கள் எண்ணிறந்தன.

கண்ணில்லாத் துவக்கு

இதுகாறும் நம்பகம் என்பது நற்குணமாகவே கூறப்பட்டது. அது தீமையாக மாறுமிடமும் உண்டு. ஊவாவின் காட்டோரக் கிராமங்களிலும் சில தோட்டங்களின் எல்லைகளிலும் காட்டுப்பன்றிக்கெனச் சட்டவிரோதமாக வைக்கப்படும் கட்டுத்துவக்கே அது. மனிதர் எவரும் ஏந்தாது, விலங்கு செல்லும் தடத்தில் ஒளித்து வைக்கப்படுவது. தட்டியது எதுவாயினும் வெடிப்பது.

அதன் நம்பகத்தில் ஐயமில்லை. பன்றி வந்தாலும் வெடிக்கும். விறகு தேடி வரும் பெண் வந்தாலும் வெடிக்கும். மாடு தேடி வரும் சிறுவன் வந்தாலும் வெடிக்கும். முழங்காலைச் சூழ்ந்து எலும்பு நொறுங்கிய நிலையிற் கொணரப்படும் கட்டுத்துவக்குக் காயங்கள் இலங்கைக் கிராமப்புற மருத்துவமனைகள் நன்கறிந்தவை. கால் இழந்தவன் கொழுந்து மலையேற இயலாது, மண்வெட்ட இயலாது. ஒரு நாட்கூலியை நம்பிய குடும்பத்தின் அடுப்பு அவ்வேட்டோடு அணைகின்றது. பயிரைக் காப்பதற்கு வைத்தவனே இருளில் வழிமறந்து அதிற் சிக்குவதும் உண்டு. தோட்டத்து லயங்களிலும் காட்டோர ஊர்களிலும் வாழும் மக்களுக்கு இது நூலாராய்ச்சியன்று. நாளை மாலை எவ்வழியே வீடு திரும்புவது என்னும் வினா.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். குழலளவைத் தேர்தல் வலியறிதலின்பாற்படும். மழையும் பனியும் அறிந்து கருவியைப் பேணல் காலமறிதலின்பாற்படும். எங்கே, எதன்மேல், எவர் அருகில் இருக்கச் சுடுவது என்பது இடனறிதல். கட்டுத்துவக்கில் வலி உண்டு. காலமும் இடனும் அறியும் கண் இல்லை. ஆதலின் அது கருவியின் நிலையினின்றும் வழுவிக் கண்ணி ஆகின்றது. நம்பகம் என்பது இரும்பின் குணம் மாத்திரமன்று. இரும்பும், அதனை ஏந்தும் கையும், அக்கையை ஆளும் அறிவும் சேர்ந்ததன் குணமாகும்.

முடிவுரை

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருத்தலை அனுமதிப்பத்திரத்திற்கு உட்படுத்தியது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வனவிலங்குகளுக்கு அரணாயிற்று. ஒருகாலத்தில் யானையைச் சுட்டவனுக்குப் பரிசளித்த அரசே பின்னர் அதனைச் சுடுவோனைத் தண்டிப்பதாயிற்று. ஊவாவின் தென்னெல்லையிலே 1972இல் அமைக்கப்பட்ட உடவளவைத் தேசிய வனத்தில் யானைக் கூட்டங்களைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். பதுளையிலோ மேஜர் றொஜர்சின் நினைவாக எழுந்த தூய மாற்கு ஆலயம் நிற்கின்றது. அவர் சுட்ட துவக்கின் குழலளவை இன்று வினவுவோர் அரியர். அத்துணை யானைகள் எதற்காக வீழ்ந்தன என வினவுவோரே பலர்.

குழல் எவ்வளவு என்பதும், கருவி தவறாது வெடிக்குமா என்பதும் இன்றியமையாத வினாக்களே. 1630இல் மழை நனைத்த துவக்குகளும், 1911இல் 6,000 முறை வெடித்த கைத்துப்பாக்கியும் அவற்றுக்குத் தக்க விடைகளைத் தந்துள்ளன. எனினும் அவ்விரண்டுக்கும் முன்னே கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. இப்பொழுது, இவ்விடத்தில், இதன்மேற் சுடுதல் தகுமா என்பதே அவ்வினா. அதற்கு விடை கூறும் உறுப்பை எந்தத் தொழிற்சாலையும் துவக்கினுட் பொருத்தியதில்லை. அது கல்வியாலும் பழக்கத்தாலும் மனிதனுள்ளே பொருத்தப்படவேண்டியது.